சிம்னி ஏன் இரைகிறது, புகை ஏன் தப்பிக்கிறது

எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து ஊதுங்கள். அணைந்துவிடும். மறுபடி ஏற்றி, அதே தூரத்தில் வைத்து, இந்த முறை வாயால் காற்றை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள். மூச்சு முட்ட இழுத்தாலும் சுடர் லேசாகக்கூடச் சாயாது.

ஊதும்போது காற்று ஒரே திசையில் கற்றையாகப் பாய்கிறது. வாயின் விட்டத்தைப்போல 30 மடங்கு தூரம் போன பிறகும் புறப்பட்ட வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதில் மிச்சமிருக்கும். இழுக்கும்போது அப்படியில்லை. மேல், கீழ், பக்கவாட்டு என்று எல்லாத் திசையிலிருந்தும் காற்று வந்து சேர்கிறது. ஒரே ஒரு விட்டம் தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

சமையலறைச் சிம்னி வாங்கப் போகிறவர்கள் மனத்தில் இந்தச் சுடர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 'எவ்வளவு இழுக்கும்?' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விற்பவர்களும் மணிக்கு 1,200 கன மீட்டர், 1,500 கன மீட்டர் என்று பெரிய எண்ணாக எடுத்து வைக்கிறார்கள். ஆனால் சிம்னிக்குள் காற்றை இழுக்கும் வாய் ஏறத்தாழ ஒரு சாண் அகலம்தான். சட்டி இருப்பதோ அதற்குக் கீழே 70 சென்டிமீட்டரில். அவ்வளவு தூரத்தில் அந்த இழுவை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். எத்தனை பெரிய மோட்டாரானாலும் இந்த இயற்பியல் மாறாது.

அப்படியானால் சிம்னி எப்படித்தான் வேலை செய்கிறது? புகை தானாகவே அதனிடம் வருகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. சுற்றியுள்ள குளிர்ந்த காற்று அதை மேலே தள்ளிவிடுகிறது. அடுப்பிலிருந்து ஆவியும் எண்ணெய்ப் புகையும் கலந்த ஒரு தூண் எழுகிறது. சிம்னி செய்ய வேண்டியது இரண்டே வேலை. அந்தத் தூண் வந்து சேரும் இடத்தில் அகலமாகக் கவிந்து நிற்க வேண்டும். வந்ததை, வருகிற வேகத்திலேயே வெளியே அனுப்ப வேண்டும்.

இந்தத் தூணின் குணம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேலே போகப் போக அது பக்கத்துக் காற்றையும் தன்னோடு சுருட்டிக்கொண்டு பருத்துக்கொண்டே போகிறது. ஒரு சிறு புள்ளியிலிருந்து எழும் வெப்பத் தூணில், உயரம் ஒன்றரை மடங்கானால் அதில் ஓடும் காற்றின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அகலமான சட்டியில் அவ்வளவு கூடாதுதான், ஆனால் போக்கு அதேதான். சிம்னியை உயரத்தில் மாட்டினால் அகற்ற வேண்டிய காற்று கூடுகிறது, தூணும் விளிம்பைத் தாண்டிப் பரவுகிறது. தலையில் இடிக்கிறது என்று 90 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றி மாட்டுபவர்கள், மோட்டாரை அடுத்த வேகத்துக்குத் தள்ளி அதற்கு ஈடுகட்டுகிறார்கள். இரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. கேஸ் அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர் என்பதுதான் வழக்கமான அளவு. தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச உயரம் சொல்லியிருந்தால் அதற்குக் கீழே இறக்கக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

அகலத்தைப் பொறுத்தவரை அடுப்பைவிடச் சிம்னி இருபக்கமும் கொஞ்சம் நீண்டிருப்பது நல்லது. 60 சென்டிமீட்டர் அடுப்புக்கு 75 அல்லது 90 சென்டிமீட்டர் சிம்னி. ஆனால் அகலத்தைவிட நான் அதிகம் பார்ப்பது முன்பின் ஆழத்தை. முன்பக்க பர்னர்களை மூடாத சிம்னிகள்தான் கடைகளில் அதிகம் இருக்கின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் வீடுகளில் ஏற்கெனவே மாட்டியிருந்த சிம்னிகளை அளந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுப்பிலிருந்து எழுந்ததில் எவ்வளவு அறைக்குள் கலக்காமல் நேராக வெளியேறியது என்று பார்த்தபோது, 15 சதவீதத்துக்குக் கீழேயிருந்து 98 சதவீதத்துக்கு மேல் வரை வித்தியாசம் இருந்தது. பின்பக்க பர்னரில் வைத்தபோது பிடிபட்ட அளவு முன்பக்கத்தைவிட நன்றாகக் கூடியது. காரணம் எளிது. பின்பக்கத் தூண் சிம்னிக்கு நேர் கீழே எழுகிறது. சுவர் ஒரு பக்கத்தை அடைத்துவிடுவதால் அது சிதறுவதும் குறைவு. அதிகம் புகையும் சட்டியைப் பின்பக்கத்துக்கு மாற்றினால் ஒரு பைசா செலவில்லாமல் பலன் கிடைக்கும்.

வடிவத்தில் இன்னொன்று. சாய்ந்த கண்ணாடிப் பலகைபோல வரும் மெல்லிய சிம்னிகள் பார்க்க அழகுதான். ஆனால் கவிழ்த்த தொட்டிபோல அடிப்பக்கம் குழிந்த பழைய வடிவத்துக்கு ஒரு பலம் உண்டு. சூடான சட்டியில் ஈரமான ஒன்றைப் போட்டதும் குபீரென்று ஒரு மேகம் கிளம்புமே, அதை அந்தக் குழி சில நொடிகள் தேக்கி வைக்கும். மோட்டார் நிதானமாக அதை வெளியே அனுப்பிக்கொள்ளும். தட்டையான அடிப்பகுதியில் தேங்க இடமில்லை. மேகம் மோதி முன்பக்கம் வழிந்து, நேராகச் சமைப்பவர் முகத்துக்கு வந்துவிடும்.

இனி ஓசைக்கு வருவோம். விசிறியின் வேகத்துக்கும் அதன் ஓசைக்கும் உள்ள உறவு மிகக் கடுமையானது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகிறது, ஆனால் ஓசை சுமார் 15 டெசிபல் விழுகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். 15 டெசிபல் குறைந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவதே அமைதிக்கு வழி. சிறிய விசிறியை வெறியோடு ஓட்டி அதே காற்றைத் தள்ளினால் வீடே அதிரும்.

பெட்டியில் அச்சிட்ட எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டெசிபல் என்று போட்டிருப்பது ஒலித்திறனா (சிம்னி வெளியிடும் மொத்த ஒலி), ஒரு மீட்டர் தள்ளி அளந்த ஒலி அழுத்தமா (அந்த இடத்தில் காதுக்கு வந்து சேரும் ஒலி) என்று பாருங்கள். ஒரே சிம்னிக்கு இரண்டாவது எண் பல டெசிபல் குறைவாக வரும், அதனால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். அப்புறம், அந்த ஓசை எந்த வேகத்தில் அளந்தது? அதிகபட்சக் காற்றையும் குறைந்த வேகத்து ஓசையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் அந்த இரண்டையும் நீங்கள் ஒருபோதும் சேர்த்து அனுபவிக்கப் போவதில்லை. சில நாடுகளில் ஓசையை 'சோன்' என்ற அலகில் தருகிறார்கள். அது காதுக்குப் புரிகிற கணக்கு. 4 சோன் என்பது 2 சோனைப்போல இரு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

சரி, எவ்வளவு காற்றுதான் தேவை? சமையலறையின் கொள்ளளவைக் கணக்கிட்டு அதைப் பத்தால் பெருக்கும் வழி ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புகை அறை முழுக்கக் கலந்த பிறகு அதை அகற்றும் கணக்கு அது. சிம்னியின் வேலையோ கலக்கும் முன்பே பிடிப்பது. அடுப்பின் அகலத்தை வைத்துப் பார்ப்பது இன்னும் பொருத்தம். சுவரோடு ஒட்டிய அடுப்புக்கு, ஒவ்வொரு அடி அகலத்துக்கும் நிமிடத்துக்கு 100 கன அடி என்கிறது வட அமெரிக்காவின் ஹோம் வென்டிலேட்டிங் இன்ஸ்டிடியூட் என்ற காற்றோட்டச் சாதனத் தயாரிப்பாளர்களின் அமைப்பு. இரண்டடி அடுப்புக்கு இது மணிக்குச் சுமார் 340 கன மீட்டர். அறையின் நடுவில் நிற்கும் அடுப்புக்கு ஒன்றரை மடங்கு, ஏனென்றால் அங்கே தூணைத் தாங்கச் சுவர் இல்லை. 1,500 என்ற எண்ணை நினைத்துப் பாருங்கள். அதில் கால்வாசியைக்கூட அன்றாடச் சமையல் கேட்பதில்லை.

ஆனால் அந்த 340 உண்மையிலேயே வெளியே போக வேண்டும். பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் குழாயின் எதிர்ப்பு அதிகம் இல்லாத நிலையில் கிடைப்பது. வீட்டில் குழாய் இருக்கிறது, வளைவு இருக்கிறது, வெளிமுனையில் மூடி இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் கண்கூடாகப் பார்த்தது இது. சிம்னியிலிருந்து காற்று வெளியேறும் வாய் 150 மில்லிமீட்டர். சுவரில் ஏற்கெனவே 100 மில்லிமீட்டர் துளை இருந்ததால், மாட்ட வந்தவர் ஒரு ரெடியூசரைப் போட்டுக் குழாயைச் சிறிதாக்கிவிட்டுப் போய்விட்டார். முதல் நாளிலிருந்து விமானம் கிளம்புவது போன்ற சத்தம். புகை மட்டும் குறையவில்லை. துளையைப் பெரிதாக்கி முழு அகலக் குழாய் போட்ட பிறகு, அதே சிம்னி இப்போது முதல் வேகத்திலேயே போதுமானதாக இருக்கிறது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். மணிக்கு 600 கன மீட்டர் காற்று 150 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் ஓடும். 100 மில்லிமீட்டர் குழாயில் 21 மீட்டர் வேகம் வேண்டும். உராய்வால் இழக்கும் அழுத்தம், அதே காற்றுக்கு, ஏழு மடங்குக்கு மேல் ஏறிவிடும். விசிறியால் அவ்வளவு தள்ள முடியாது, காற்று குறைந்துபோகும். போகிற காற்றும் சீறிக்கொண்டே போகும். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயை முழுக்க இழுத்துவிடாமல் மாட்டினால் உள்ளே உள்ள மடிப்புகள் இதே கெடுதலைச் செய்யும். வழுவழுப்பான உலோகக் குழாய், முடிந்தவரை நேராக, வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல். வெளிமுனையில் நெருக்கமான கொசுவலை வேண்டாம். சில மாதங்களில் எண்ணெய்ப் பிசுக்கு அதை அடைத்துவிடும். சிம்னியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியைக் குழாய்க்குக் கொடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாக. வளைந்த தகடுகளால் ஆன பேஃபில் ஃபில்டரில் காற்று சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும். கனமான எண்ணெய்த் துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வழியும். வலைபோன்ற மெஷ் ஃபில்டர் துளிகளைத் தன் கண்ணிகளிலேயே பிடித்துவைக்கும், கழுவாவிட்டால் காற்றையும் சேர்த்துத் தடுக்கும். முன்பு அமைதியாக இருந்த சிம்னி திடீரென்று இரைய ஆரம்பித்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

குழாயே இல்லாமல், கரித்தூள் ஃபில்டர் வழியாகக் காற்றை மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகையும் உண்டு. எண்ணெயும் கொஞ்சம் வாடையும் குறையும். நீராவி, கார்பன் மோனாக்சைடு, கேஸ் சுடரில் உருவாகும் நைட்ரஜன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, எல்லாம் அறைக்குள்தான் இருக்கும். வெளியே துளை போட வழியிருக்கும் வீட்டில் இதை வாங்காதீர்கள்.

வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். கதவு ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில் சிம்னி திணறும். அதைவிட ஆபத்து, புகைபோக்கி வைத்த வாட்டர் ஹீட்டர் போன்ற எரியும் சாதனம் உள்ளே இருந்தால் அதன் நச்சுப் புகையைச் சிம்னி வீட்டுக்குள் இழுத்துவிடலாம். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னலாக இருக்க வேண்டாம். அங்கிருந்து வரும் குறுக்குக் காற்று தூணைச் சாய்த்துவிடும்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. முன்பக்க பர்னரில் அகலமான பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சிம்னியை நீங்கள் தினமும் சகித்துக்கொள்ளக்கூடிய வேகத்தில் ஓடவிடுங்கள். அறை விளக்கை அணைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். ஆவித் தூண் எழுவதும் பருப்பதும் துல்லியமாகத் தெரியும். சிம்னியின் முன் விளிம்பைக் கவனியுங்கள். ஆவி அங்கே உள்பக்கமாக மடங்கிப் போனால் மாட்டியது சரி. வெளியே வழிந்து மேலேறினால், வேகத்தைக் கூட்டும் பொத்தானைத் தொடும் முன் பாத்திரத்தைப் பின்பக்க பர்னருக்கு நகர்த்தி இன்னொரு முறை பாருங்கள்.