ரோமானிய உலையில் என்ன காய்ந்தது?

ரோமானியர் காலத்து உலை என்று அகழாய்வில் கிடைப்பது பெரும்பாலும் அடிப்பாகம்தான். சிவந்து இறுகிய மண், கொஞ்சம் கரி, இடிந்த கற்கள், அவ்வளவே. மேற்சுவர் எப்போதோ போயிருக்கும். அதனால் உலையைவிட அதைச் சுற்றிக் கிடக்கும் கழிவுகளைத்தான் ஆய்வாளர்கள் முதலில் கிளறுவார்கள்.

இரும்பு உலையை அடையாளம் காண்பது எளிது. சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் தாதுவின் கசடு உருகி ஓடிவிடும். இரும்பு உருகாமல் கட்டியாக உள்ளே தங்கும். குளிர்ந்த கசடுதான் கிட்டம். இங்கிலாந்தின் பியூபோர்ட் பார்க்கில் ரோமானியர் விட்டுப்போன கிட்டக் குவியலை 19-ஆம் நூற்றாண்டில் சாலை போட அள்ளிச் சென்றார்கள், அவ்வளவு கிடந்தது! சுண்ணாம்புக் காளவாயும் பெரிய புதிரல்ல. ஜெர்மனியின் ஈவர்ஸ்ஹைமில் ரோமானியப் படைவீரர்களே நடத்திய ஆறு காளவாய்கள் வரிசையாகக் கிடைத்துள்ளன.

குழப்பம் பிரிட்டனின் பண்ணைகளில் கிடைக்கும் ஒரு வகை அடுப்பில்தான். ஒரு முனையில் தீ மூட்டும் குழி. அங்கிருந்து நீளும் புகைவழி மறுமுனையில் ஆங்கில 'டி' எழுத்துபோல இரண்டாகப் பிரியும். மேலே இருந்த தளத்தில் தானியத்தைப் பரப்பி, அடியில் ஓடும் சூட்டில் உலர்த்தினார்கள் என்பது பழைய விளக்கம். மழை ஓயாத நாட்டில் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெயரே 'தானிய உலர்த்தி' என்று நிலைத்துவிட்டது.

பீட்டர் ரெனால்ட்ஸ் என்ற தொல்லியலாளர் சும்மா விடவில்லை. ஹாம்ப்ஷயரில் உள்ள பட்சர் பண்ணையில் அப்படியொரு அடுப்பைக் கட்டி எரித்தே பார்த்தார். அறுவடைத் தானியத்தை உலர்த்த அது அவ்வளவாக உதவவில்லை. ஆனால் பீருக்கான மால்ட் தயாரிக்க நன்றாகவே பொருந்தியது. மால்ட் செய்ய தானியத்தை நனைத்து முளைக்கவிட வேண்டும். அப்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெருகும். அப்புறம் இளஞ்சூட்டில் காயவைத்து முளையை நிறுத்த வேண்டும். சூடு மிஞ்சினால் நொதிகளும் கெட்டுவிடும்.

இதற்குச் சான்று கருகிய மணிகள். தீ எல்லைமீறி வீணாய்ப்போன தானியம் கரியாகி, மட்காமல் நிலைத்திருக்கிறது. அதில் பெரும்பாலான மணிகளின் முளைகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால், வேண்டுமென்றே முளைக்கவைத்தது என்று கொள்ளலாம். களத்தில் மழையில் நனைந்து முளைத்தது என்றால் நீளம் தாறுமாறாக இருக்கும். சில அடுப்புகளில் முளைக்காத மணிகளே கிடைக்கின்றன. ஆக, ஒரே அடுப்பு இரண்டு வேலைக்கும் பயன்பட்டிருக்கலாம்.