ஊரிலிருந்து வரும் பார்சல்: சிங்கப்பூரில் எதற்கு வரி, எதற்குத் தடை

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் ஊரிலிருந்து பார்சல் வரத் தொடங்கிவிடும். முறுக்கு, அதிரசம், வெங்காய வடகம், இட்லிப் பொடி, அம்மா அரைத்த குழம்புத்தூள் என்று பெட்டி நிறைந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை சிங்கப்பூருக்குள் தாராளமாக வரலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு விதி நின்றுவிடுவதில்லை. பெட்டி எந்த வழியாக வருகிறது, யார் கொண்டுவருகிறார் என்பதையும் அது பார்க்கிறது. ஒரே அதிரசத்துக்கு அஞ்சலில் ஒரு கணக்கு, கப்பலில் ஒரு கணக்கு, கைப்பெட்டியில் வேறொரு கணக்கு.

முதலில் வரி. சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை மது, புகையிலை, வாகனங்கள், பெட்ரோலியப் பொருட்கள் ஆகியவற்றுக்குத்தான். தின்பண்டத்துக்கு அது கிடையாது, பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி மட்டும்தான். 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு.

அஞ்சலிலோ விமானக் கூரியரிலோ வரும் பார்சலின் மதிப்பு 400 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் இங்கே இறக்குமதி ஜிஎஸ்டி இல்லை. அந்த மதிப்பில் பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 380 வெள்ளிக்குப் பட்டுச்சேலையும் இனிப்பும் வைத்து, கூரியருக்கு 60 வெள்ளி கொடுத்தால் மொத்தம் 440. வரம்பைத் தாண்டிவிட்டதால், கூடுதலான 40 வெள்ளிக்கு மட்டுமல்ல, முழு 440 வெள்ளிக்கும் வரி விழும். அது 39 வெள்ளி 60 காசு. கூரியர் நிறுவனம் அந்த வரியை முதலில் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிப்பது வழக்கம். பெட்டியின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கப்பலிலோ தரைவழியாகவோ சரக்காக அனுப்பினால் இந்த 400 வெள்ளிச் சலுகை இல்லை. மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி உண்டு. கப்பல் கட்டணம் மலிவு என்று பெரிய பெட்டியாகக் கட்டச் சொல்பவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. இணையத்தில் காசு கட்டி வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைக்கும் பொருள் வேறு. 2023 முதல், இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அடுத்தது, ஊருக்குப் போய்விட்டு நாமே கையோடு கொண்டுவருவது. வெளிநாட்டில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வருபவருக்கு 500 வெள்ளி வரையிலான புதிய பொருட்களுக்கும் உணவுக்கும் ஜிஎஸ்டி இல்லை. அதற்குக் குறைந்த நேரம் என்றால் 100 வெள்ளி. இங்கே வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி. 620 வெள்ளிப் பொருளோடு வந்தால் 120 வெள்ளிக்கு வரி, அதாவது 10 வெள்ளி 80 காசு.

இந்தச் சலுகை யாருக்குக் கிடையாது என்பதுதான் நம் ஆட்கள் பலருக்கும் தெரியாமல் இருக்கிறது. வொர்க் பர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், டிபெண்டன்ட் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கும் மட்டுமே. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்த இருவரில், நிரந்தரவாசி 300 வெள்ளிப் பொருளோடு, வரி கட்ட ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் போகலாம். பர்மிட்டில் வேலை பார்க்கும் தம்பி அதே 300 வெள்ளிக்குச் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, 27 வெள்ளி கட்ட வேண்டும். குறைந்த சம்பளக்காரருக்குத்தான் இது அதிகம் உறைக்கிறது. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் சட்டம் அதுதான். சொல்லாமல் போய் மாட்டினால் அபராதம் வரியைவிடப் பெரிது.

உணவுக்கென்று தனி விதிகளும் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வது சிங்கப்பூர் உணவு அமைப்பு. நம் சொந்தச் சாப்பாட்டுக்கு, பதப்படுத்திய உணவு 5 கிலோ அல்லது 5 லிட்டர் வரை, 100 வெள்ளி மதிப்புக்குள் கொண்டுவரலாம். ஊறுகாய், பொடி, மிக்சர், நெய் எல்லாம் இதற்குள் அடங்கும். கடலுணவும் 5 கிலோ வரை அனுமதி என்பதால் நெத்திலிக் கருவாட்டுக்குப் பயமில்லை. நாற்றம் வெளியே வராமல் இரண்டு உறை போட்டுக் கட்டினால் பெட்டியில் இருக்கும் சேலையும் பிழைக்கும்.

இறைச்சியில் மட்டும் கண்டிப்பு. எந்த இறைச்சியும் அதற்கென அங்கீகரித்த நாட்டிலிருந்துதான் வரலாம். ‘கொஞ்சம்தானே’ என்று உப்புக்கண்டம், கோழி ஊறுகாய், மட்டன் சுக்கா எதையும் ஊரிலிருந்து கட்டிவரச் சொல்லாதீர்கள். முட்டைக்கும் இதே விதிதான். அங்கீகரித்த இடத்திலிருந்து 30 முட்டை வரை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், என் உண்மையான கவலை கசகசாவைப் பற்றியது. ஊரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் இது இங்கே போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் மார்ஃபின் ஒட்டியிருக்கலாம். ஆய்வகத்தில் சோதித்து அனுமதி பெறாமல் உள்ளே கொண்டுவர முடியாது. பொட்டலமாக யாரும் அனுப்பமாட்டார்கள் என்று நினைக்கலாம். ஆனால் அது வருவது வேறு உருவத்தில். கறிமசாலா அரைக்கும்போது மல்லி, மிளகு, சோம்பு, பட்டை, கிராம்போடு ஒரு கைப்பிடி கசகசாவையும் வறுத்துப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அரைத்த பிறகு அது கண்ணுக்கே தெரியாது. அதனால் மிளகாய் காயவைக்கும் முன்பே வீட்டுக்குப் போன் போட்டு, ‘அம்மா, இந்தத் தடவை கசகசா போடாதீங்க’ என்று சொல்லிவிடுங்கள். குருமா கெட்டியாக வேண்டுமென்றால் இங்கே முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கோ மாமாவுக்கோ வாங்கிவரும் புகையிலையும் அப்படித்தான். குட்கா, கைனி, மூக்குப்பொடி எல்லாம் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை. ஒரு டப்பாகூட ஆகாது.

ஊருக்குப் போய் வரும்போது, ‘தம்பி, இதை என் மகன்கிட்ட குடுத்துடுப்பா’ என்று ஒட்டித் தைத்த பொட்டலத்தைக் கையில் திணிப்பார்கள். மறுக்க மனம் வராது. நாமும் நாளைக்கு அவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். இருந்தாலும் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்ளே போதைப்பொருள் இருந்தால், கையில் வைத்திருந்தவர் தெரிந்தேதான் அதை வைத்திருந்தார் என்று இங்குள்ள சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. உண்மையாக அன்பு வைத்துக் கொடுப்பவர் பிரித்துக் காட்டத் தயங்கமாட்டார்.

அஞ்சலில் அனுப்புபவரிடம் ஒன்று சொல்லுங்கள். சுங்கப் படிவத்தில் ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதினால் பெட்டியைத் திறக்க நேரும். அரிசி முறுக்கு 1 கிலோ, எலுமிச்சை ஊறுகாய் அரைக் கிலோ என்று ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தில், உண்மையான விலையோடு எழுத வேண்டும். முகவரியில் புளோக் எண், மாடியும் வீட்டு எண்ணும், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, உங்கள் சிங்கப்பூர் கைப்பேசி எண் நான்கும் இருக்கட்டும். தங்கும் விடுதியில் இருப்பவர்கள் அறை எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கையோடு கொண்டுவருபவர்கள் சுங்கத்துறையின் ‘கஸ்டம்ஸ்@எஸ்ஜி’ இணையச் செயலியில் வந்திறங்குவதற்கு 3 நாள் முன்பிருந்தே பொருளைப் பதிந்து வரியைக் கட்டலாம். வாங்கிய ரசீதுகளைப் பெட்டிக்குள் திணிக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதும் காட்டலாம்.