எம்சிபியைப் பெரிதாக்காதீர்கள், ஒயரை மாற்றுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பல ஒரே குறையைச் சொல்பவை: புதிதாக ஏசி மாட்டினோம், எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது, கொஞ்சம் பெரியதாக மாற்றித் தாருங்கள். இந்த வேண்டுகோளை நான் ஏற்பதில்லை. சுவருக்குள் ஓடும் ஒயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் போகும்போது அதைத் தடுப்பதற்குத்தான் எம்சிபி இருக்கிறது. அது விழுகிறதென்றால் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள்.

சென்ற கோடையில் குளச்சலுக்கு அருகில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய ஓட்டு வீட்டின் பின்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, முன்புறம் கான்கிரீட் போட்டுக் கட்டிய வீடு அது. படுக்கையறையின் ஒன்றரை டன் ஏசிக்கு, விளக்கும் மின்விசிறியும் ஓடுகிற 1 சதுர மி.மீ. ஒயரிலிருந்தே இணைப்பு எடுத்திருந்தார்கள். 10 ஆம்பியர் எம்சிபி நிற்காமல் விழுந்ததால், யாரோ 32 ஆம்பியர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதன்பிறகு ஒருமுறைகூட விழவில்லை என்று வீட்டுக்கார அம்மா நிம்மதியாகச் சொன்னார். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது, முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்பு கருகி, டேப் உருகிப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. ஒயரைத் தொட்டால் மேலுறை அப்பளம்போல் நொறுங்கிக் கையில் உதிர்ந்தது. அந்த அம்மாவும் பேரக் குழந்தைகளும் ஒரு மாதமாக அந்தப் பெட்டிக்கு நேர்கீழே உறங்கியிருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கும். இன்வெர்ட்டர் வகை அல்லாத ஏசியில், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு எடுக்கும். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஏசி இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில், போக வர 40 மீட்டருக்கு, சுமார் 46 வாட் வெப்பமாகவே போய்விடுகிறது. 4 சதுர மி.மீ. ஒயரில் இது 12 வாட் அளவுதான். நீளமெங்கும் பரவும் வெப்பத்தை ஒயர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தளர்ந்த இணைப்பு ஒன்று இருந்தால் அந்த ஓரிடத்தில் கூடுதல் வெப்பம் குவிந்து தீப்பிடிக்கிறது.

ஆகவே ஏசிக்கென்று டிபியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், இடையில் எங்கும் இணைப்பு கூடாது, நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் ஒயர்) விளக்கு லைனிலிருந்து கடன் வாங்கக் கூடாது, எர்த்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர், கம்ப்ரசர் கிளம்பும் நொடியின் கூடுதல் மின்சாரத்தைத் தாங்கும் 20 ஆம்பியர் சி வகை எம்சிபி. பழைய பைப்பில் ஒயர் நுழையவில்லை என்றால், திணிக்காமல் சுவருக்கு வெளியே புதுப் பைப் அடித்துவிடுங்கள். அழகு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு பிளக் பாயிண்டின் திருகுகளில் பச்சை பூக்கும். ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் சேர்ந்து அந்த அரிப்பை விரைவுபடுத்துகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு அவற்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு திறந்து பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். மணற்பாங்கான மனையில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும் என்பதால் அதன் மின்தடையையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்; வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். ஏசி சேர்ந்தபின் வீட்டின் மொத்த லோடு அனுமதித்த அளவைத் தாண்டுமானால், மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து, மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.