நாசகாரியா, விரட்டு கப்பலா?

"தென்சீனக் கடலில் அமெரிக்க நாசகாரிக் கப்பல்" என்று போன வாரமும் டிவியில் வாசித்தார்கள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "கடலுக்குள்ள போய் என்னத்தடா நாசம் பண்ணினான்?" என்று கேட்டார்.

நாசகாரி என்பது 'டெஸ்ட்ராயர்' என்ற ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம். அந்த டெஸ்ட்ராயரே பாதிப் பெயர்தான். முழுப்பெயர் டார்பிடோ போட் டெஸ்ட்ராயர். பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல்களுக்கு ஈடுகொடுக்க, 1880களில் பிரான்ஸ் மலிவான டார்பிடோ படகுகளை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு ஏவுகிற படகுகளை, நம்பியது. அவற்றை வேட்டையாட பிரிட்டன் 1893இல் கடலில் இறக்கிய ஹேவக், சுமார் 240 டன் கப்பல். அப்புறம் பெயரின் முன்பாதி உதிர்ந்தது; நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்தது வெறும் 'அழிப்பது'.

சரி, அதையாவது ஒழுங்காகப் பெயர்த்தார்களா? தண்டவாளத்தைப் பெயர்த்தால் நாசவேலை, செய்தவன் நாசகாரன். அந்தச் சொல்லை ஒரு கடற்படைக் கப்பலுக்கு ஒட்டினால் செய்தியே சாய்கிறது. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் லாசன் என்ற டெஸ்ட்ராயர், தென்சீனக் கடலில் சீனா வசமுள்ள சுபி திட்டுக்கு 12 கடல் மைலுக்குள் சென்றது. சீனா கண்டித்தது, கடல்வழிச் சுதந்திரம் என்றது அமெரிக்கா. யார் பக்கம் நியாயம் என்பது வேறு. 'நாசகாரி' என்ற சொல் அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நம்மூர் பெயர் தாங்கிய ஐஎன்எஸ் சென்னையும் இதே வகைதான். அதையும் நாசகாரி என்பீர்களா?

வடமொழி என்பதற்காக மட்டும் நான் முறைக்கவில்லை. 'அழிப்பான்' தமிழ்தான், ஆனால் அது பள்ளிக்கூடப் பையன் பென்சில் பெட்டியில் இருக்கிற ரப்பர்.

பிரெஞ்சுக்காரர்கள் 'டார்பிடோ படகு எதிர்ப்பி' என்கிற பொருளில் பெயர் வைத்தார்கள். சீனமும் ஜப்பானியமும் 'விரட்டியடிக்கும் கப்பல்' என்கின்றன. மஞ்சுவிரட்டு நடத்துகிற நமக்கு விரட்டு என்ற சொல்லுக்கா பஞ்சம்? விரட்டு கப்பல் என்போம். வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, நடுவில் 'க்' போட வேண்டாம்.

பத்தாயிரம் டன்னைத் தாண்டிய சீனாவின் 055 வகைக் கப்பல் யாரை விரட்டுகிறது என்று கேட்கலாம். சீனா அதை விரட்டு கப்பல் என்கிறது, அமெரிக்கா அதைவிடப் பெரிய வகையான குரூசர் என்கிறது. அவர்கள் சண்டை அது. நாசகாரி என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.