20 வளைவுகள், ஒரு நேர்கோடு

பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்ட விலக்கம் வரும்; எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவு அது. எட்டுப் பத்து எண்கள் வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். சராசரி கண்டுபிடி, வித்தியாசம் எடு, வர்க்கப்படுத்து, கூட்டு, வகு, மூலம் எடு. ஐந்து மதிப்பெண் கைக்கு வந்துவிடும். அந்த எண்களை யார், எங்கே, எதை வைத்து அளந்தார்கள் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் யாரும் அளந்திருக்கவும் மாட்டார்கள். விடை சிக்கலில்லாமல் வரட்டும் என்று உட்கார்ந்து அமைத்த எண்கள் அவை. புள்ளியியலில் சுவாரசியமான பாதி, எண் கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது என் கட்சி.

அந்தப் பாதியைக் கற்றுத்தர சேலத்துப் பள்ளிகளுக்கு ஏற்காடு மலைப்பாதை இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவே 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போகக் குளிரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை மீட்டருக்கு எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி. வெப்பமானி, உயரம் காட்டும் கைப்பேசி, ஒரு நோட்டு போதும்.

குளிர்வதன் காரணம் எளிது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மேலேறும் காற்று அங்கே விரிகிறது; விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவழிக்கிறது. வறண்ட காற்று என்றால் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 9.8 டிகிரி செல்சியஸ் குறையும். மேகமாகத் திரளும் ஈரக்காற்றில், நீராவி துளியாகும்போது வெப்பம் வெளிவருவதால் குறைவது அவ்வளவு இருக்காது. சராசரியாக 6.5 டிகிரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதன்படி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 8 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும்.

சரி, அளக்கலாம். வேனுக்குள் கிடந்த வெப்பமானி வேனின் சூட்டைத்தான் காட்டும். ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, நிழலில் சில நிமிடம் தொங்கவிட வேண்டும். அப்புறம் இன்னொரு தொல்லை: ஒருவர் சத்தமாக "இருபத்தொன்பது" என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் 29தான் தெரியும். அவரவர் துண்டுச்சீட்டில் எழுதி மடித்த பிறகே பேச வேண்டும். 1930களின் இறுதியில் வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பைக் கணக்கெடுத்த புள்ளியியலாளர் மகலனோபிஸ், ஒன்றையொன்று சாராத குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி அளக்கச் செய்தார். குழுக்களின் விடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசமே, அளப்பவர்களால் எவ்வளவு பிழை வருகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

"கைப்பேசி உயரத்தைத் தப்பாகக் காட்டுமே சார்?" என்று யாராவது கேட்பார்கள். காட்டும்தான். 20 மீட்டர் பிசகினால் வெப்பநிலையில் அது எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்: வெறும் 0.13 டிகிரி. வெப்பமானியையோ அரை டிகிரிக்கு மேல் நுணுக்கமாகப் படிக்க முடியவில்லை. ஆகவே கைப்பேசியை விட்டுவிட்டு வெப்பமானியைக் கவனிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வகுப்புக்குத் திரும்பி, கிராஃப் தாளில் உயரத்தைக் கிடையாகவும் வெப்பநிலையைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளி குறித்தால், சிதறலாக ஒரு சரிவு தெரியும். அதன்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் ஆளுக்கொரு சாய்வில் பிடிப்பார்கள். யாருடையது சரி? ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே, கீழே விலகியிருக்கிறது என்று கூட்டிப் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் கூட்டலும் கழித்தலும் அடிபட்டுப்போகும். உயரங்களின் சராசரியும் வெப்பநிலைகளின் சராசரியும் சந்திக்கும் புள்ளி வழியாகப் போகிற எந்தக் கோட்டுக்கும், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யம்தான். அதனால் விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தத் தொகை எந்தக் கோட்டுக்குக் குறைவோ அதை எடுக்கிறோம். வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிக்க பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இதுதான். திட்ட விலக்கத்தில் ஏன் வர்க்கப்படுத்தினோம் என்பதும் மாணவர்களுக்கு இங்கேதான் உறைக்கும்.

வர்க்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. 1 டிகிரி விலகினால் 1. 4 டிகிரி விலகினால் 16. வெயிலில் மறந்து வைத்த ஒரே ஒரு அளவு மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். அதை நீக்கலாமா? "பாறை மேல், வெயிலில்" என்று அந்த இடத்திலேயே நோட்டில் எழுதியிருந்தால் நீக்கலாம். கோட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது.

இவ்வளவு கவனமாக இருந்தும் விடை தப்பாக வரும். காரணம் கடிகாரம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 9 மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் 27 டிகிரி, நின்று நின்று அளந்து 10.30க்கு ஏற்காடு போய்ச் சேர்ந்தால் 22 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5, கிலோமீட்டருக்கு 4.1 டிகிரிதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் சேலமும் சூடேறி 30 ஆகியிருக்கும். ஒரே நேரத்தில் ஒப்பிட்டால் 30க்கும் 22க்கும் 8, கிலோமீட்டருக்கு 6.6 டிகிரி. மாலையில் ஏறினால் இதற்கு நேர்மாறு: ஊரே குளிர்ந்துகொண்டிருப்பதால் சரிவு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். உயரமும் நேரமும் சேர்ந்தே ஏறுகின்றன. கிராஃப் தாளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதற்கு ஒரு குழு கீழேயே நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருக்க வேண்டும். மலையேறும் குழுவின் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதே நேரத்துச் சேலத்து அளவைக் கழித்துவிட்டுக் கோடு போட்டால் நேரத்தின் பங்கு பெரும்பாலும் ஒழிந்துவிடும். கீழே நிற்க யாரும் முன்வர மாட்டார்கள், சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுக்க வேண்டும்.

இதே பயணத்தை மார்கழி விடியற்காலையில் போனால் கதையே வேறு. சேலத்தைச் சுற்றி மலைகள். தெளிந்த வானத்து இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிந்து அடிவாரத்தில் தேங்கக்கூடும். அப்படித் தேங்கிய நாளில் முதல் சில வளைவுகளில் ஏற ஏற வெப்பம் கூடி, அதற்குமேல்தான் குறையத் தொடங்கும். அங்கே ஒரே நேர்கோடு போதாது; எந்த வளைவில் போக்கு மாறுகிறது என்று பார்த்து இரண்டாகப் போட வேண்டியிருக்கும்.