பேட்டன்ட் விதை: காப்புரிமையா, ஆக்கவுரிமையா, பிறப்புரிமையா?

நுவரெலியா பக்கம் கந்தப்பளையில மரக்கறி செய்ற சித்தப்பா போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினாரு. கெரட் விதை வர்ற தகர டின்னோட பின்பக்கம், எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து, அதுல ஒரு வரிய சிவப்புல வட்டம் போட்டிருந்தாரு. கூடவே வொய்ஸ் ஒண்ணு. "தம்பி, இதுல பேட்டன்ட்னு என்னமோ இருக்காம், இதுல இருந்து விதை எடுத்தா கேஸ் போடுவாங்கன்னு கடைக்கார பையன் சொல்றான், மெய்யா? பேட்டன்ட்னா தமிழ்ல என்னடா?"

முதல் கேள்விக்கு பதில் சொல்ல ரெண்டாவது கேள்வியில இருந்து தான் தொடங்கணும், அதனால இவ்வளவு நீளம், பொறுத்துக்கோங்க.

பேட்டன்ட்ங்கிற சொல்லு லத்தீன்ல இருந்து வந்தது. மூலம் 'திறந்து கிடக்கிறது'ங்கிற பொருள்ல வர்ற ஒரு வினைச்சொல். அந்தக் காலத்து ஐரோப்பாவுல ராஜா ரெண்டு விதமா கடுதாசி எழுதுவாரு, ஒண்ணு மடிச்சு முத்திரை வச்சு மூடினது, முத்திரைய உடைச்சாத்தான் உள்ள இருக்கிறத வாசிக்கலாம், மத்தது திறந்த கடுதாசி, முத்திரை அடியில தொங்கும், உடைக்காமலே ஊரே வாசிக்கலாம். இந்த ரெண்டாவது ரகத்துக்குத்தான் பேட்டன்ட்னு பேரு. 1449ல இங்கிலாந்து ராஜா ஆறாம் ஹென்றி, கலர் கண்ணாடி செய்யத் தெரிஞ்ச ஒரு வெளியூர் தொழிலாளிக்கு இப்பிடி ஒரு திறந்த கடுதாசி குடுத்தாரு, 20 வருசத்துக்கு வேற யாரும் அந்த முறையில செய்யக்கூடாதுன்னு. திறந்த கடுதாசி தான், ஆனா அதுல எழுதியிருந்தது மத்தவனுக்கு கதவடைப்பு. சொல்லு பொறந்த நேரமே அப்பிடி.

இடையில ஒண்ணு. நம்ம 'பட்டயம்' தான் வெள்ளைக்காரன் வாயில பேட்டன்ட் ஆச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. கேக்க சந்தோசமா இருக்கு, ஆனா ரெண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது, சத்தம் மட்டும் தான் ஒண்ணு போல இருக்கு. அர்த்தத்துல கிட்ட நிக்குதுங்கிறது மெய் தான், செப்புப் பட்டயமும் ராஜா ஊரறிய எழுதிக் குடுத்தது தானே. அதுக்காக பேட்டன்டுக்கு பட்டயம்னு இப்ப எழுதினா தமிழ்நாட்டுக்காரங்க டிப்ளோமான்னு நெனச்சுக்குவாங்க, அங்க அதுக்குத்தான் அந்த சொல்ல வச்சிருக்காங்க.

சரி, பேட்டன்ட் கையில இருந்தா என்ன செய்யலாம்? இங்க தான் நெறய பேர் சறுக்குறாங்க. ஒரு வேலைய செய்ய குடுக்கிற உரிமைன்னு நெனைக்கிறாங்க. லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால நான் ஒரு பீலி கட்டினா அதுல தண்ணி பிடிக்க எனக்கு யாரு கடுதாசியும் தேவையில்ல. அடுத்த காம்பராக்காரன் அதே மாதிரி பீலி கட்டக்கூடாதுன்னு சொல்லத்தான் கடுதாசி வேணும். அந்தக் கடுதாசி தான் பேட்டன்ட். தடுக்கிற உரிமை, அவ்வளவு தான். அதுக்கு பதிலா நீ கண்டுபிடிச்சத எப்பிடி செஞ்சேன்னு ஊரறிய எழுதி வைக்கணும், குறிப்பிட்ட வருசம் முடிஞ்சா யாரும் செய்யலாம். இன்னைக்கு அந்தக் கணக்கு 20 வருசம்.

கடுதாசி ஆள கட்டிப்போடும்னு நம்ம தேயிலைத் தோட்டத்து சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. பூட்டன் காலத்துல 'துண்டு'ன்னு ஒண்ணு இருந்துச்சு, இந்த ஆள் மேல இவ்வளவு கடன் இருக்கு, கட்டினா விடுறோம்னு ஒரு தோட்டம் எழுதிக் குடுக்கிற சீட்டு, 1921ல தான் அத ஒழிச்சாங்க. அதனால பேட்டன்ட்னு கேட்டதும் சித்தப்பாவுக்கு வயித்தக் கலக்கினதுல எனக்கு ஆச்சரியம் இல்ல.

இப்ப தமிழ் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டு பேப்பர்கள்ல 'காப்புரிமை'. இந்த சொல்லு எனக்கு ஒத்து வரல. முதலாவது, புத்தகம் பாட்டு இதுகளோட பதிப்புரிமைக்கும் அதே சொல்லத்தான் போடுறாங்க, எது எதுன்னு வாசிக்கிறவன் முழிக்கணும். ரெண்டாவது, 'காப்பு'ன்னா காக்கிறது, யாரு யாரக் காக்கிறா? மாரியம்மன் திருவிழாவுக்கு காப்பு கட்டினா கட்டினவனுக்குத்தான் கட்டுப்பாடு, இந்தக் காப்புல கட்டினவன் ஃப்ரீயா இருக்க அடுத்தவனுக்கு கட்டுப்பாடு. பொலிஸ் கையில மாட்டுறதுக்கும் காப்புன்னு தான் பேரு, விதை விசயத்துல சில விவசாயிங்களுக்கு அந்த அர்த்தம் தான் பொருத்தம்னு வேணும்னா சொல்லலாம்.

நம்ம நாட்டுல புழங்குற 'ஆக்கவுரிமை' எவ்வளவோ மேல். ஆக்கினவனுக்கு உரிமை, அதாவது புதுசா ஒண்ண ஆக்கியிருக்கணும். இந்த சொல்லோட அழகே அதுல ஒரு கேள்வியும் சேர்ந்து வர்றது தான்: நீ எத ஆக்கினே? மெசினுக்கு இந்தக் கேள்விய கேட்டா லேசா பதில் வரும். விதைக்கு கேட்டா சிக்கல்.

இன்னொரு சொல்லையும் பக்கத்துல வைக்கணும். ஏ எல்ல பயோ படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம்ம புத்தகத்துல ஜெனடிக்ஸுக்கு 'பிறப்புரிமையியல்'னு பேரு. தமிழ்நாட்டுல மரபியல், மரபணு. எனக்கு மரபணு தான் வாய்க்கு சுலபம், இருந்தாலும் எங்க பழைய வாத்தியார்மாருங்க போட்ட இந்த சொல்லு இந்த சண்டைக்கே அளவெடுத்து தைச்ச மாதிரி இருக்கு. பிறப்புரிமைன்னா தாய் தகப்பன்ட்ட இருந்து பொறப்போட வர்ற உரித்து. விதைக்குள்ள இருக்கிறது அது. அதுல ஒரு துண்ட மாத்திட்டு முழு விதைக்கும் ஆக்கவுரிமை கேக்கிறது தான் பேட்டன்ட் விதைப் பிரச்சினை. ஆக்கவுரிமைக்கும் பிறப்புரிமைக்கும் நடுவுல வேலி எங்க போடுறது?

அமெரிக்காவுல அந்த வேலி 1980ல தான் நகர்ந்துச்சு. எண்ணெய தின்னுற ஒரு பாக்டீரியாவ மாத்தி உண்டாக்கின சக்கரபர்த்திங்கிற விஞ்ஞானியோட வழக்கு, உசுருள்ளதா இருந்தாலும் மனுசன் ஆக்கினதுன்னா பேட்டன்ட் குடுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 5க்கு 4ன்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஒரே ஒரு ஓட்டு. அதுக்குப் பின்னால 1996ல மொன்சான்டோங்கிற கம்பெனியோட சோயா விதை சந்தைக்கு வந்துச்சு. நம்ம தோட்டங்கள்ல புல்லுக்கு அடிக்கிற கிளைபோசேட் இருக்குல்ல, 2015ல தடை பண்ணி 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டாங்களே, அந்த சோயாவுக்கு அடிக்கிறதும் அதே மருந்து தான். நம்மாளுங்க தேயிலைச் செடியில படாம கீழ பாத்து அடிக்கணும், அந்த சோயாவுல மேலயே அடிக்கலாம், புல்லு சாகும் சோயா சாகாது. அந்த குணம் தான் கம்பெனி ஆக்கினது. விதை வாங்கும்போதே ஒரு ஒப்பந்தம், அறுவடையில இருந்து விதை எடுத்து திரும்ப போடக்கூடாதுன்னு.

இண்டியானாவுல போமன்னு ஒரு வயசான விவசாயி. முதல் போகத்துக்கு ஒழுங்கா கம்பெனி விதை வாங்கி போட்டாரு. ரெண்டாம் போகம் நிச்சயமில்லாதது, அதுக்கு எதுக்கு விலை விதைன்னு தானியக் களஞ்சியத்துல தீனிக்கு விக்கிற சோயாவ வாங்கி போட்டு, மேல மருந்தடிச்சு, தப்பினத விதையா எடுத்து வச்சு வருசா வருசம் போட்டாரு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சோயா தானா பெருகிற சாதி, நான் என்ன செய்ய முடியும்ங்கிறது அவர் வாதத்துல ஒண்ணு. 2013ல ஒன்பது நீதிபதியும் ஒரே குரல்ல இல்லைன்னுட்டாங்க, பழிய பயறு மேல போடாதீங்க, விதைச்சது நீங்கன்னு. கட்ட வேண்டியது 84,456 டொலர்.

கனடாவுல இதே கம்பெனி கேஸ் போட்ட ஷ்மைசர்ங்கிற விவசாயி கதை இதவிட பேமஸ், ஆனா பாதி தான் எல்லாருக்கும் தெரியும். காத்துல பறந்து வந்த விதைக்கு பாவம் கிழவன் மேல கேஸ் போட்டாங்கன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. முதல்ல எப்பிடி வந்துச்சுங்கிறது வேற விசயம், மருந்துக்கு தப்பின செடியோட விதைய அவர் தெரிஞ்சே எடுத்து வச்சு 1998ல சுமார் 1,030 ஏக்கர்ல போட்டாருன்னு தான் வழக்குல நின்னுச்சு. 2004ல 5க்கு 4ன்னு பேட்டன்ட மீறினாருன்னு தீர்ப்பு, ஆனா அந்த குணத்தால அவருக்கு ஒரு சதமும் கூட லாபம் வரல, அதனால காசு கட்டத் தேவையில்லன்னும் சொன்னாங்க. நான் விவசாயி பக்கம் தான், ஆனா கதைய வெட்டி சொன்னா நம்ம பக்கத்து வாதம் தான் பலவீனமாகும்.

நம்ம மலைக்கு சோயாவவிட உருளைக்கிழங்கு கிட்டத்து சொந்தம். சித்தப்பா கிரனோலாங்கிற ரக கிழங்குல கோழி முட்ட சைஸ தனியா பொறுக்கி, இருட்டுல தட்டுல பரப்பி, முளை வந்ததும் அடுத்த போகத்துக்கு போடுவாரு. விதைக்கிழங்குன்னு அதுக்கு தனி பேரே இருக்கு. 1930ல அமெரிக்கா முதல் முதலா செடிகளுக்கு பேட்டன்ட் சட்டம் போட்டப்ப கிழங்கு வகைய வெளிய விட்டுட்டாங்க, தின்னுறதும் நடுறதும் ஒரே சாமான், அதுக்கு போய் உரிமை குடுத்தா சாப்பாட்டுக்கே பூட்டு போட்ட மாதிரி ஆயிடும்ல. 2019ல குஜராத்துல என்ன நடந்துச்சுன்னா, சிப்ஸுக்கு போற ஒரு கிழங்கு ரகத்த பயிர் செஞ்சதுக்காக பெப்சிகோ கம்பெனி விவசாயிங்க மேல வழக்கு போட்டுச்சு, சிலர்ட்ட ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல கேட்டாங்க. ஊர் உலகம் எல்லாம் கத்தினதும் ரெண்டு மாசத்துக்குள்ள வாபஸ். 2021ல அந்த ரகத்தோட பதிவையே ரத்து செஞ்சாங்க, 2024ல டில்லி ஹைகோர்ட் அத திரும்ப குடுத்துச்சு. இது மரபணு மாத்தின கிழங்கும் இல்ல, பேட்டன்டும் இல்ல, புது ரகம் உண்டாக்கினவருக்கு குடுக்கிற இன்னொரு வகை உரிமை. இந்தியாவோட 2001 சட்டத்துல விவசாயி பதிவு செஞ்ச ரகத்தோட விதையவே எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம், பிராண்ட் பேர் போட்டு மட்டும் விக்கக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. பேரே 'விவசாயிகள் உரிமை'.

அந்த உரிமைங்கிற சொல்லு லேசுல வந்தது இல்ல. புது ரகங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, யூபோவ்னு சொல்லுவாங்க. அதோட 1991 வடிவத்துல விவசாயி சொந்த வயல்ல விதை எடுத்து வைக்கிறது, ஒவ்வொரு நாடும் விரும்பினா, அளவோட, ரகக்காரனுக்கு நட்டம் வராம விட்டுக்குடுக்கிற ஒண்ணு. தமிழ்ல இதுக்கு 'சலுகை'ன்னு தான் சொல்லணும். சலுகைன்னா தொர மனசு வச்சா கிடைக்கும், உரிமைன்னா கேட்டு வாங்கலாம். மொழிபெயர்க்கிறவங்க ரெண்டையும் 'உரிமை'ன்னு ஒரே சட்டியில போட்டு கிண்டாம இருந்தா புண்ணியம்.

இன்னொரு குழப்பமும் இருக்கு, ஹைபிரிட், ஜீஎம், பேட்டன்ட் மூணையும் ஒண்ணா நெனைக்கிறது. ஹைபிரிட் ரெண்டு வரிசையக் கலந்து எடுக்கிற கலப்பின விதை, ஹைபிரிட்ங்கிறதுக்காக மட்டும் சட்டம் எதுவும் தடுக்கல, நீங்க விதை எடுத்தாலும் அடுத்த தலைமுறை ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு சிதறும். பூட்டு விதைக்குள்ளேயே இருக்கு. ஜீஎம் மரபணுவ ஆய்வுகூடத்துல மாத்தினது, அதுக்காக பூட்டு இருந்தே ஆகணும்னு இல்ல, பங்களாதேஷ்ல 2014ல இருந்து போடுற பீடி (Bt) கத்தரிக்காயில, அதான் புழு தாக்காத மாதிரி மரபணு மாத்தினதுல, விவசாயி விதை எடுத்து வைக்கலாம். பேட்டன்ட் வெறும் சட்டப் பூட்டு. லயத்து ஆளுங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல, விதைத் தேயிலைக்கும் கிளைய வெட்டி நடுற வீபி தேயிலைக்கும் வித்தியாசம் தெரியாத கொழுந்து எடுக்கிற அம்மா யாரு இருக்காங்க? வெட்டி நட்டா அச்சு மாறாது, விதை போட்டா ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி.

அப்ப டின்னுக்கு வருவோம். இலங்கையில மரபணு மாத்தின பயிர் எதுவும் வியாபாரத்துக்கு செய்ய அனுமதி இல்ல, அந்தக் கெரட் வெறும் ஹைபிரிட். பேட்டன்ட் அந்தந்த நாட்டுக்குள்ள மட்டும் தான் செல்லும், வெளிநாட்டுல எடுத்தது நானுஓயா தாண்டி ஏறி வராது. நம்மளோட 2003 புலமைச் சொத்துச் சட்டம், 36ஆம் இலக்கம், செடிக்கும் மிருகத்துக்கும் பேட்டன்ட் இல்லைன்னு சொல்லுது, மரபணு மாத்தின நுண்ணுயிருக்கு உண்டு. இத எல்லாம் சித்தப்பாவுக்கு வொய்ஸ்ல சொன்னேன், "விதை எடுங்க, கேஸ் வராது, ஆனா கெரட்டும் ஒழுங்கா வராது"ன்னு. சிரிச்சாரு. அப்புறம், "விதை எடுக்க உரிமை இருக்கு, போட மண்ணுக்கு உறுதிப் பத்திரம் எங்கடா"ன்னாரு. அதுக்கு என்கிட்ட சொல்லு இல்ல, தோட்டத்து சனத்துக்கு வீடு கட்ட தர்றதா சொன்ன 7 பேர்ச் காணி கதைய நாங்க ரெண்டு பேருமே நெறய தடவ கதைச்சாச்சு.

அடுத்த வொய்ஸ்ல, "அப்ப அப்பாயி போஞ்சி?" அப்பாயி போஞ்சின்னா, எங்க அப்பாயி லயத்து அடுப்புக்கு மேல கயித்துல கட்டி, புகையில காய வச்சு வச்சு தலைமுறையா வர்ற கொடி போஞ்சி. (போஞ்சிங்கிறதே டச்சுக்காரன் சொல்லு தான், சிங்களம் வழியா நம்ம சட்டிக்கு வந்துச்சு.) நான் அவருக்கு மெக்சிகோ மஞ்சள் போஞ்சி கதைய சொன்னேன். அமெரிக்கக்காரர் ஒருத்தர் 1994ல மெக்சிகோவுல ஒரு பை மஞ்சள் போஞ்சி வாங்கிட்டு போய், வீட்டுல கொஞ்ச வருசம் பொறுக்கி பொறுக்கிப் போட்டு, 1999ல அதுக்கு பேட்டன்ட் எடுத்தாரு. மெக்சிகோவுல சனம் எத்தனையோ தலைமுறையா தின்னுற போஞ்சி. அது முன்னாலயே இருந்த சாமான் தான், இவர் புதுசா ஆக்கினது இல்லைன்னு காட்டி அத ஒழிக்க 2009 ஆச்சு.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் அனுப்பல. ராவு ஒன்பது மணி போல போட்டோ ஒண்ணு வந்துச்சு. அடுப்பு, கரி பிடிச்ச கூரை, கயித்துல காஞ்ச போஞ்சி கொத்து. அடியில எழுதியிருந்தாரு: "பத்திரமா வச்சுக்கோ தம்பி. தேதி விழுந்திருக்கு பாரு."