கண்டல் இலையிலிருந்து கடற்கழுகு வரை: ஓர் இலக்கத் தகட்டின் தடம்

வகுப்பறையில் உணவுச் சங்கிலி பெரும்பாலும் ஒரே வரிசையாகத்தான் வரையப்படுகிறது: தாவரம், அதை உண்ணும் விலங்கு, அந்த விலங்கை உண்ணும் இன்னொன்று, இடையிடையே அம்புக்குறிகள். அம்புக்குறி வழியே எது செல்கிறது என்று கேட்டால் ஒரு மாணவர் சக்தி என்பார், இன்னொருவர் சத்து என்பார். இரண்டும் சரியே. ஆனால் சடப்பொருள் சுற்றி வருகிறது, சக்தியோ ஒருவழியாகச் சென்று முடிகிறது என்ற வேறுபாட்டை அந்த அம்புக்குறி மறைத்துவிடுகிறது. ஜிபிஎஸ் துணையோடு மறைத்துவைத்த பெட்டிகளைத் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டில் புழங்கும் இலக்கத் தகடுகளைக் கொண்டு அதைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துக் காட்ட முடியும்.

பொதுமக்கள் பெறும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு கொள்கலனை வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேஷிங் அங்கிருந்து தொடங்கியது. பெட்டியைக் கண்டுபிடித்தவர் உள்ளிருக்கும் ஏட்டில் பெயர் எழுதிவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பின்னர் வந்து சேர்ந்ததுதான் 'ட்ரவல் பக்' எனப்படும் உலோகத் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் தனித்த குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதை எடுத்தவர் குறியீட்டை இணையத்தளத்தில் பதிந்து, வேறொரு பெட்டியில் விட்டதும் அதையும் பதிவார். தகடு கடந்த பாதையும் தூரமும் வரைபடத்தில் சேர்ந்துகொண்டே போகும். பெட்டிக்குள் உணவுப் பொருள் வைக்கக்கூடாது என்பதும் இவ்விளையாட்டின் விதிகளில் ஒன்று. மணம் பிடித்து வரும் விலங்குகள் பெட்டியைக் கடித்துத் திறந்துவிடும் என்பதால், உணவுச் சங்கிலி அந்த விதிக்குள்ளேயே எட்டிப்பார்க்கிறது.

அதிகாரபூர்வமாகப் பதியப்படும் பெட்டிகளுக்கிடையே பொதுவாகக் குறைந்தது 161 மீற்றர் இடைவெளி வேண்டும். பள்ளிக்கூட வளவுக்குள் நடக்கும் பாடத்துக்கு அத்தனை தூரம் தேவையில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களும், தகடுகளுக்குப் பதிலாக இலக்கமிட்ட மட்டைத் துண்டுகளும், ஓர் ஏடும் போதும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீற்றர் வரை பிசகக்கூடும் என்பதால், டப்பாக்களை 20 மீற்றருக்குக் குறையாத இடைவெளியில் வைப்பது நல்லது. எங்கள் பகுதியில் ஆளில்லாமல் கிடக்கும் பெட்டியை யாரும் விளையாட்டுப் பொருளாகக் கருத மாட்டார்கள், சந்தேகிப்பார்கள். ஆகவே அதிபரின் அனுமதியைப் பெற்று, டப்பாவின் மேல் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பெரிதாக எழுதிவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு டப்பாவும் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவியின் ஓர் உயிர். ஒவ்வொரு மட்டையும் ஒரு காபன் அணு. முதல் டப்பா கரையோரக் கண்டல் மரத்திலிருந்து விழுந்த இலை. கண்டல் இலைகளில் பெரும்பகுதி பச்சையாக உண்ணப்படுவதில்லை. மஞ்சளாகி விழுந்து, நீரில் ஊறிக் கபிலமாகி, கறுத்து நொறுங்கும்போது அதன் மேல் பற்றீரியாவும் பங்கசும் வழுவழுப்பான படலமாகப் படர்கின்றன. அந்தப் படலத்தால் துணுக்கின் நைதரசன் விகிதம் உயர்கிறது. அதாவது அழுகிய இலை புதிதாய் விழுந்த இலையைவிடச் சத்தான இரை. இரண்டாவது டப்பா அதைச் சேற்றோடு சேர்த்து விழுங்கும் மணலை மீன். மணலையை வெட்டிக் கழுவியவர்கள் அதன் வயிற்றில் கோழியின் கற்குடல் போல் தடித்த உருண்டை ஒன்றையும் அதற்குள் நறநறக்கும் மண்ணையும் கண்டிருப்பார்கள். இலைத்துணுக்கும் பாசியும் அங்கேதான் அரைபடுகின்றன. மூன்றாவது டப்பா மணலையைப் பிடிக்கும் கொடுவா மீன், நான்காவது கடற்கழுகு. இவற்றுக்கு வெளியே 'காற்று' என்று ஒன்றும் 'சேறு' என்று ஒன்றும் வைக்க வேண்டும். பாடத்தின் உயிர் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

மட்டை எங்கே போகும் என்பதை ஆறு பக்கத் தாயக்கட்டை முடிவு செய்யட்டும். ஒன்று விழுந்தால் அடுத்த உயிரின் டப்பாவுக்கு. இரண்டு முதல் ஐந்து வரை விழுந்தால் சுவாசத்தில் காபனீரொட்சைட்டாக வெளியேறிக் காற்றுக்கு. ஆறு விழுந்தால் கழிவாகவோ இறந்த உடலாகவோ சேற்றுக்கு. இலையில் 216 மட்டைகளோடு தொடங்கினால், சராசரியாக 36 மணலைக்கும், 6 கொடுவாவுக்கும், 1 கடற்கழுகுக்கும் போய்ச்சேரும். உண்மையான சூழற்றொகுதிகளில் ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் சக்தி ஏறத்தாழ 10 சதவீதம் என்றே பாடநூல்கள் கூறுகின்றன. அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் 1942இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து அது. நமது தாயக்கட்டை தருவது 17 சதவீதம். சற்றுத் தாராளம்தான், ஆயினும் வாவி நிறைய மணலை இருந்தும் கடற்கழுகுகள் சிலவே வட்டமிடுவது ஏன் என்பதை விளக்க அது போதும்.

அடுத்த சுற்றில் காற்று டப்பாவைத் திறக்க வேண்டும். காபன் அணுவைக் கண்டல் மரம் ஒளித்தொகுப்பின் மூலம் மீண்டும் இலையாக்குவதால், காற்றிலுள்ள மட்டைகள் முதல் டப்பாவுக்குத் திரும்பலாம். ஏட்டில் ஒரே இலக்கம் இலை, மணலை, காற்று, மறுபடியும் இலை என்று வட்டமடிக்கும். சேற்றில் விழுந்தவை மெதுவாகவே வெளிவர வேண்டும், ஏனெனில் கூமுட்டை நாற்றமடிக்கும் அந்தக் கருஞ்சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு, அதனால் சிதைவும் மந்தம். மட்டையைச் சக்தி என்று கொண்டு விளையாடும்போதோ காற்று டப்பாவை ஒட்டி மூடிவிட வேண்டும்: வெப்பமாகப் போன சக்தியை எந்த இலையும் திரும்பப் பிடிக்காது, சூரியனிடமிருந்து புதிய மட்டைகள் வந்தாக வேண்டும். தனியொரு தகட்டின் பயணத்தை மட்டும் சொல்லி உணவுச் சங்கிலி விளங்கிவிட்டது என்று நிறுத்தும் பாடங்கள் அரைப்பாடங்கள் என்பது என் எண்ணம். ஒரு தகடு சடப்பொருளின் வழியைக் காட்டும். சக்தியின் இழப்போ பல தகடுகளை எண்ணும்போதுதான் தெரியும்.

வாவி இல்லாத சம்மாந்துறை வயற்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இதையே நெல், அதன் சாற்றை உறிஞ்சும் கபிலத்தத்திப் பூச்சி, சிலந்தி, தவளை என்று மாற்றிக்கொள்ளலாம். அங்கே ஒரு சுற்றின் நடுவில் சிலந்தி டப்பாவை எடுத்துவிட்டால், அதற்குப் போகவேண்டிய மட்டைகள் தத்தி டப்பாவிலேயே தேங்கும். பூச்சிநாசினி தெளித்த வயலில் சிலந்திகள் மடிய, நெல்லின் இலையுறைக்குள் இடப்பட்டிருந்த தத்தி முட்டைகள் தப்பிப் பொரித்து, தத்தி முன்னிலும் அதிகமாகப் பெருகுவது இந்த வழியில்தான்.